40 டிகிரி சரி, எந்த இடத்தில்? ஊர்வன வளர்ப்பு கேர் ஷீட்கள் பற்றி

செல்லப் பிராணியாகப் பல்லி, பாம்பு, ஆமை வளர்ப்பவர்கள் மத்தியில் கேர் ஷீட் என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம், மிஞ்சிப் போனால் இரண்டு பக்கம். கடையில் பிராணியோடு சேர்த்துக் கொடுப்பார்கள். இணையத்தில் தேடினால் கணக்கில்லாமல் கிடைக்கும். பியர்டட் டிராகனுக்கு என்று தேடினால் வருவது கிட்டத்தட்ட எல்லாத் தாளிலும் ஒன்றுதான்: வெயில் காயும் இடம் 40 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 டிகிரி, ஈரப்பதம் 30 முதல் 40 சதவீதம், யூவிபி விளக்கு தினம் 12 மணி நேரம். (இந்தப் பதிவு முழுக்க டிகிரி என்றால் செல்சியஸ்.)

இந்த எண்கள் தப்பா என்றால், இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே ஏறக்குறைய சரி. ஆனால் இதை அப்படியே பின்பற்றி, நாலு எண்ணும் டிஸ்ப்ளேயில் சரியாகத் தெரியும்படி ஒரு தொட்டியை அமைத்து, அதற்குள் இருக்கும் பிராணியின் தாடை எலும்பு மெல்ல மெல்ல ரப்பர் மாதிரி ஆகிப் போவது சாத்தியம். வளர்சிதை எலும்பு நோய் என்கிற இது, செல்ல ஊர்வனவற்றை மருத்துவரிடம் கொண்டுவர வைக்கும் வழக்கமான நோய்களில் ஒன்று. கால்சியம் போதாமல் உடம்பு தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுத்துக்கொள்ளும். கால் வளையும், விரல்கள் நடுங்கும், தூக்கும்போது எலும்பு முறியும். கவனமில்லாத ஆட்கள் வீட்டில் மட்டும் இது நடப்பதில்லை. தாளைப் படித்து, காசு செலவழித்து, எல்லாவற்றையும் வாங்கி மாட்டியவர்கள் வீட்டிலும் நடக்கிறது. அதனால்தான் வளர்ப்பவரை விட்டுவிட்டு, அந்தத் தாளை ஒரு பிரதியாக எடுத்து விமர்சிக்கலாம் என்று தோன்றியது.

என் குற்றச்சாட்டு ஒன்றுதான். கேர் ஷீட் ஓர் அறையின் நிலவரத்தை எழுதித் தருகிறது. பிராணிக்குத் தேவைப்படுவதோ தேர்ந்தெடுக்க வழி. எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதோடு சேர்த்து என்ற மூன்றையும் வெட்டி எறிந்துவிட்டு எண்ணை மட்டும் கொடுத்தால், அந்த எண்ணால் பெரிய பிரயோஜனம் இல்லை.

இது ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயமும் இல்லை. 1944-இல் ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் இருவரும் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் பாலைவன ஊர்வனவற்றின் வெப்பத் தேவை பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதுவரை 'குளிர் ரத்தப் பிராணி' என்றால் சுற்றுப்புறம் எவ்வளவோ அவ்வளவு சூடு, அவ்வளவுதான் என்று ஒரு பொதுப்புத்தி இருந்தது. கலிபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கில் இவர்கள் பல்லிகளையும் பாம்புகளையும் அளந்து பார்த்தபோது வேறு கதை வந்தது. வெயிலுக்குப் போவது, நிழலுக்கு வருவது, மண்ணுக்குள் புதைவது, உடம்பைத் திருப்பிப் படுப்பது என்று நாள் முழுக்க இடம் மாறியே, நடமாடும் நேரத்தில் உடம்புச் சூட்டை ஒரு குறுகிய வரம்புக்குள் அவை வைத்துக்கொண்டன. நம் உடம்புக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் அவற்றுக்குக் காலில் இருக்கிறது என்று சொல்லலாம்.

இதை ஒப்புக்கொண்டால் தொட்டி அமைப்பவரின் வேலையே வேறாகிவிடுகிறது. வெப்பநிலையைக் கட்டுப்படுத்துவது பிராணியின் வேலை. அதற்குத் தேவையான பலவித இடங்களை வைத்துக் கொடுப்பது மட்டும்தான் நம் வேலை. கேர் ஷீட் இந்த வேலைப் பிரிவினையைத் தலைகீழாக்கி, கட்டுப்பாட்டை நம் கையில் கொடுக்கிறது. எண்பது வருஷம் ஆகியும் அந்த 1944 கட்டுரை இந்தத் தாளுக்குள் வந்து சேரவில்லை என்பது எனக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

முதலில் சூடு. 40 டிகிரி என்றால் எதன் 40 டிகிரி? காற்றா, கல்லின் மேல்பரப்பா, பல்லியின் முதுகா? தாளில் இருக்காது. ஹாலஜன் பல்புக்குக் கீழே இந்த மூன்றும் ஒன்றாக இருக்கவே முடியாது. பல்பிலிருந்து வரும் சூட்டில் பெரும்பகுதி கதிர்வீச்சு. அது காற்றைப் பெரிதாகச் சூடாக்காமல் கடந்து வந்து, படும் பொருளைச் சூடாக்குகிறது. கறுப்புக் கல் ஒரு அளவு சூடாகும், வெளிர் மரக்கட்டை வேறு அளவு. தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் வட்ட டயல் தெர்மோமீட்டர் காட்டுவது பெரும்பாலும் அந்தக் கண்ணாடியின் சூடு. சர்வர் ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இது புரியும்: ஏசிக்கு நேர் எதிரே சென்சாரை மாட்டிவிட்டு ரூம் ஜில்லென்று இருக்கிறது என்று ரிப்போர்ட் போடலாம். எந்த சென்சாரும் தான் இருக்கும் இடத்தைப் பற்றித்தான் பேசும். வெயில் காயும் இடத்தின் மேல்பரப்பை அளக்க, துப்பாக்கி மாதிரி இருக்குமே, அந்த அகச்சிவப்புத் தெர்மோமீட்டர் போதும். நிழல் பக்கத்துக் காற்றுக்குக் கம்பி முனையில் சென்சார் வைத்த சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். இரண்டும் சேர்ந்து ஒரு நல்ல பல்பு ஹோல்டர் விலைதான் ஆகும். ஆனால் எதை எங்கே அளப்பது என்பதைத் தாள் சொன்னால்தானே வாங்குவார்கள்?

அடுத்தது ஒளிக்கற்றையின் அகலம். இதை எந்தத் தாளும் பேசி நான் பார்த்ததில்லை. குறுகிய ஸ்பாட் பல்பை வைத்து உள்ளங்கை அளவு வட்டத்தில் 40 டிகிரி கொண்டுவந்தால் எண் டிக் ஆகிவிடும். ஆனால் வளர்ந்த பியர்டட் டிராகன் வால் நுனி வரை ஒன்றரை அடிக்கு மேல் இருக்கும். அதன் முதுகில் ஒரு வட்டம் மட்டும் சூடாகி, வாலும் வயிறும் காலும் குளிர்ந்தே இருக்கும். உடம்பின் நடுப்பகுதி போதிய அளவு சூடாகாதவரை அது அங்கேயே படுத்திருக்கும். முதுகுத் தோலோ அதற்குள் எப்போதோ அளவைத் தாண்டியிருக்கும். தீக்காயம் இப்படியும் வருகிறது. இரண்டு சிறிய வாட் பல்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உடம்பு முழுக்கப் படும்படி செய்தால் அதே 40 டிகிரி வேறு அர்த்தம் பெறுகிறது. சூரியன் ஸ்பாட் லைட் கிடையாது, இல்லையா?

கீழிருந்து சூடு தரும் மின்சாரக் கல்லும் இதே ரகம். ஒரு காலத்தில் ஊர்வனக் கடை என்றாலே இதுதான். பகலில் நடமாடும் பல்லிகள் சூட்டை மேலிருந்து வரும் ஒளியோடு சேர்த்து அடையாளம் காண்பவை. வயிற்றுக்குக் கீழே மட்டும் வருகிற கட்டுப்பாடற்ற சூட்டிலிருந்து சரியான நேரத்தில் விலகாமல், வெந்துபோகும் வரை படுத்திருந்த கேஸ்கள் ஏராளம். அதே சாதனத்தைத் தெர்மோஸ்டாட்டோடு ஹீட் மேட்டாக, இரவில் நடமாடும் கெக்கோவின் ஒளிவிடத்துக்குக் கீழே வைத்தால் ஓரளவு நியாயம் உண்டு. பகலெல்லாம் வெயில் வாங்கிய பாறை இரவில் அப்படித்தான் இருக்கும்.

பல்லியின் உடம்பும் சும்மா சூடு வாங்கும் செங்கல் கிடையாது. 1963-இல் ஜார்ஜ் பார்த்தலோமியூவும் வான்ஸ் டக்கரும் பியர்டட் டிராகனின் நெருங்கிய உறவு இனம் ஒன்றை வைத்துச் செய்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. உடம்புச் சூடு ஒரே அளவில் இருக்கும்போதும், சூடாகிக்கொண்டிருந்தால் இதயம் வேகமாகவும், ஆறிக்கொண்டிருந்தால் மெதுவாகவும் துடிக்கிறது. ரத்த ஓட்டத்தை மாற்றி, சூட்டைச் சீக்கிரம் வாங்கி, மெல்லச் செலவழிக்கிறது அந்தப் பிராணி. நம்மூர் ஓணானின் குடும்பம்தான். காலையில் கறுத்த முதுகோடு வேலியில் உட்கார்ந்திருப்பதும், சூடேறிய பிறகு வெளுப்பதும் இதே கணக்கின் இன்னொரு பக்கம். பியர்டட் டிராகன் பல்புக்குக் கீழே வாயைப் பிளந்தபடி உட்கார்ந்திருந்தால் கோபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது மேல் வரம்பைத் தொட்டுவிட்டதன் அடையாளம். அடுத்த பத்து நிமிஷத்தில் அது நகர்கிறதா, நகர இடம் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே வெப்பநிலையில் பூட்டி வைப்பதன் விலை என்ன என்பதற்கு, மேத்யூ க்ளுகரும் சகாக்களும் 1970-களில் செய்த சோதனையைவிடத் தெளிவான பதில் கிடையாது. பாலைவன இகுவானாவுக்கு பாக்டீரியா ஊசி போட்டு, சூட்டைத் தானே தேர்ந்தெடுக்க விட்டார்கள். அது வழக்கத்தைவிட இரண்டு டிகிரி போலக் கூடுதலான இடத்துக்குப் போய் உட்கார்ந்தது. அதாவது, நடந்து போய்க் காய்ச்சலை வரவழைத்துக்கொண்டது. 1975-இல் சயன்ஸ் இதழில் வந்த அடுத்த கட்டுரையில், உயிருள்ள பாக்டீரியா செலுத்தியவற்றை 34 முதல் 42 டிகிரி வரை வெவ்வேறு நிலையான வெப்பத்தில் வைத்தார்கள். 40, 42 டிகிரியில் இருந்தவை அதிகம் பிழைத்தன. குறைந்த சூட்டில் இருந்தவை அதிகம் செத்தன. பியர்டட் டிராகன் வேறு இனம், எண்களை அப்படியே தூக்கிப் போட முடியாது. ஆனால் நோய் வந்த அன்று கூடுதல் சூடு தேவைப்படும் ஒரு பிராணிக்கு, வழக்கமான நாளின் சராசரியை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பது தெரிகிறது.

வெளிச்சத்துக்கு வருவோம். 'யூவிபி விளக்கு 12 மணி நேரம்' என்ற வரிதான் கேர் ஷீட்டிலேயே மோசமான வரி என்பேன். இதில் அளவே இல்லை. 'ஒரு மாத்திரை, தினம் மூன்று வேளை' என்று மருந்தின் பெயரும் மில்லிகிராமும் இல்லாமல் எழுதிய சீட்டு மாதிரி. நீளமான டி5 டியூப்பும் யூவிபி விளக்குதான், திருகி மாட்டும் சின்னச் சுருள் பல்பும் யூவிபி விளக்குதான். பிராணியின் முதுகில் விழும் அளவில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். விளக்குக்கும் பிராணிக்கும் இடையே சாதாரணக் கண்ணாடி இருந்தால் யூவிபி ஏறக்குறைய முழுசாக நின்றுபோகும். கொசுவலை மாதிரி கம்பி மூடி இருந்தால், அதன் அடர்த்தியைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போய்விடும். போதாததற்கு, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் அப்படியே இருக்க, யூவிபி மட்டும் மாதக் கணக்கில் குறைந்துகொண்டே வரும். எரிகிறதா என்று பார்த்தால் எரியும். வேலை செய்கிறதா என்பது மீட்டர் வைத்தால்தான் தெரியும்.

இந்த இடத்தில் உருப்படியான அளவுகோல் ஒன்று 2010-லிருந்து இருக்கிறது. கேரி ஃபெர்குசன் குழு காட்டிலிருக்கும் பல்லிகள், பாம்புகள் இருந்த இடத்திலேயே யூவி குறியீட்டை அளந்து, நாலு மண்டலங்களாகப் பிரித்தது. அந்தி நேரத்திலும் நிழலிலும் வாழ்பவை முதல் மண்டலம், நடுப்பகல் வெயில் காய்பவை நாலாவது. முதல் மண்டலத்தில் பிராணி சராசரியாகப் பெறும் குறியீடு 0.7-க்கு உள்ளே, மூன்றாவதில் 1.0 முதல் 2.6 வரை. பிரான்சஸ் பெய்ன்ஸ் தலைமையில் 2016-இல் வந்த கட்டுரை இதை உயிரியல் பூங்காக்களில் இருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களுக்கு விரித்தது. வாட், பிராண்டு, 'பாலைவனம்' என்று டப்பாவில் போட்டிருக்கும் பெயர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, 'முதுகு இருக்கும் உயரத்தில் குறியீடு எவ்வளவு' என்று கேட்கிற இந்த முறை, மொத்தத் துறையிலும் எனக்குத் தெரிந்து நேர்மையான ஒரே அளவு. யூவி குறியீட்டு மீட்டர் விலை அதிகம் என்பது உண்மை. நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விட்டால் போதும். தினம் அளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று, சூட்டையும் யூவியையும் தாள் இரண்டு தனி வரிகளில் எழுதுகிறதே, தோலுக்குள் அப்படித் தனித்தனியாக நடப்பதில்லை. யூவிபி பட்டதும் தோலில் உள்ள கொலஸ்ட்ரால் வழிப்பொருள் ஒன்று முன்-வைட்டமின் டி3 ஆகிறது. அது டி3 ஆக மாறுவதற்கு ஒளி தேவையில்லை, சூடு வேண்டும். ஆகவே யூவி டியூப் தொட்டியின் இடது ஓரத்திலும் ஹாலஜன் வலது ஓரத்திலும் இருந்தால், தாளின்படி இரண்டுமே இருக்கிறது. பிராணியோ காலையில் எழுந்து சூட்டைத் தேடி வலது பக்கம் போய் உட்காரும், யூவி அந்தப் பக்கம் யாருக்கும் இல்லாமல் எரிந்துகொண்டிருக்கும். ஆரம்பத்தில் சொன்ன ரப்பர் தாடைக்கு ஒரு பாதை இது. நாலு எண்ணும் சரி, ஆனால் இரண்டு எண்கள் ஒரே இடத்தில் சந்திக்கவில்லை. சூடு, யூவி, வெளிச்சம் மூன்றும் ஒரே மூலையில் உச்சமாக இருந்து, அங்கிருந்து மூன்றும் சேர்ந்தே குறைந்துகொண்டு போக வேண்டும். வெயிலும் நிழலும் அப்படித்தானே இருக்கின்றன?

மாத்திரைப் பொடியைத் தீனியில் தூவினால் போதாதா என்று கேட்பார்கள். பியர்டட் டிராகன் குஞ்சுகளை வைத்து 2010-இல் டென்னிஸ் ஊனின்க்ஸ் குழு செய்த ஒப்பீட்டில், வாய்வழி டி3 பெற்றவற்றைவிட யூவிபி பெற்றவற்றின் ரத்தத்தில் டி3 வழிப்பொருட்களின் அளவு பல மடங்கு அதிகமாக இருந்தது. அந்த யூவிபியும் நாளுக்கு 2 மணி நேரம்தான்! 12 மணி நேரம் என்கிற எண் பகலின் நீளத்துக்குப் பொருத்தம். டோஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பச்சோந்திகளில் இன்னும் சுவாரசியம்: 2009-இல் வந்த பாந்தர் பச்சோந்தி ஆய்வில், உணவில் டி3 குறைவாகக் கிடைத்தவை தாமாகவே யூவிக்கு அதிக நேரம் போய் உட்கார்ந்தன, போதுமான அளவு கிடைத்தவை ஒதுங்கின. உள்ளே ஏதோ ஒரு கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு வேண்டியது போகவும் வரவும் வழி.

சிவப்பு நைட் பல்பு பற்றியும் ஒரு வார்த்தை. 'ஊர்வனவற்றுக்குச் சிவப்பு தெரியாது, இரவெல்லாம் போடலாம்' என்று இன்றும் எழுதுகிறார்கள். பகல் நடமாடும் ஓணான் குடும்பத்துப் பல்லிகளுக்கு நம்மைவிட ஒரு நிற உணர்வு கூடுதல், சிவப்பும் நன்றாகவே தெரியும். ராத்திரி இருட்டாக இருக்கட்டும். சூடு வேண்டுமானால் ஒளியில்லாத செராமிக் ஹீட்டர் இருக்கிறது.

ஈரப்பதத்தில்தான் எனக்குப் பொறுமை போகிறது, ஏன்னா இது பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலைத் தாண்டாது. தாளில் வரும் 'சதவீதம்' ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் காற்று எவ்வளவு நீராவியைத் தாங்குமோ அதில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது. சூடேற ஏற அந்தத் தாங்கும் அளவு வேகமாகக் கூடும். தொட்டியின் குளிர்ந்த பக்கம் 25 டிகிரி, 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று, ஒரு சொட்டு நீர் கூடாமல் குறையாமல், 40 டிகிரி பக்கம் போனால் சுமார் 26 சதவீதம். இரவில் தொட்டி முழுக்க 20 டிகிரிக்கு இறங்கினால் 81 சதவீதம். தாள் சொல்லும் 30–40 எது? வெயில் இடத்தில் அளந்தால் 'காய்ந்து கிடக்கிறது' என்று தண்ணீர் தெளிப்பார், குளிர்ந்த பக்கம் அளந்தால் 'ஈரம் அதிகம்' என்று மின்விசிறி மாட்டுவார், இரவில் அளந்தால் பதறிப்போய் யாரிடமாவது கேட்பார். காற்றில் எதுவும் மாறவேயில்லை. வெப்பநிலையும் அளந்த இடமும் இல்லாத ஒப்பு ஈரப்பதம், நாணயத்தின் பெயர் போடாத விலை.

எதிர்ப்பக்கமாகப் பால் பைத்தானை எடுத்துக்கொள்ளலாம். (பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பயந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும், அதனால் வந்த பெயர்.) மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் பாம்பு. '60 சதவீதம்' என்பது பழைய வழக்கமான தாள். சூடான பக்கத்தில் 31 டிகிரியில் 60 என்றால், அந்தக் காற்று 25 டிகிரி மூலையில் 85 சதவீதம். கண்ணாடி 22 டிகிரிக்கு இறங்கினால் நீர் பூத்து வழியும். அடியில் போட்ட மரத்தூள் நனைந்து, நாற்றமடித்து, வயிற்றுச் செதில் அழுகும். சரி, குறைக்கலாம் என்று குறைத்தால் சட்டை துண்டு துண்டாக உரியும், கண்ணின் மேல் மூடிய செதில் ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டு பக்கமும் இடி. ஆனால் அந்தப் பாம்பு தன் ஊரில் செய்வது ரொம்பச் சாதாரணம்: எலி வளைக்குள்ளோ கரையான் புற்றுக்குள்ளோ பகலைக் கழிக்கிறது. வெளியே புல்வெளி காய்ந்து கிடந்தாலும் வளைக்குள் ஈரம் இருக்கும். எனவே தொட்டி முழுவதற்கும் ஒரு சதவீதத்தைப் பிடிக்க அலைவதைவிட, ஈரப் பாசி போட்ட மூடிய ஒளிவிடம் ஒன்றும் உலர்ந்த ஒளிவிடம் ஒன்றும் வைத்துவிட்டு, காற்றோட்டத்தைத் திறந்துவிடுவது மேல். லெப்பர்ட் கெக்கோவுக்கும் இதே வழிதான். 'பாலைவனப் பிராணி' என்று பெயர் வாங்கி, வறண்ட தொட்டியில் விரல் நுனியில் பழைய தோல் இறுகிப்போய் விரலையே இழக்கும் கெக்கோக்களுக்கு ஒரு டிபன் டப்பா அளவு ஈரம் போதுமாக இருந்திருக்கும்.

கேர் ஷீட்டைத் திட்டுவது இப்போது ஃபேஷன் என்பதையும் சொல்ல வேண்டும். அப்படித் திட்டுகிற புதிய கோஷ்டி ஒன்று இயற்கையை அப்படியே நகலெடுப்போம் என்கிறது. ஆஸ்திரேலிய உள்நாட்டு ஊர் ஒன்றின் வானிலைத் தரவை எடுத்து, மாதவாரியாக அதை ஓட்டும் கன்ட்ரோலர்கூட எழுதியிருக்கிறார்கள். கோடு எழுதுகிறவன் என்ற முறையில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வானிலை நிலையம் அளப்பது, தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், வெள்ளை அடித்த காற்றோட்டப் பெட்டிக்குள், நிழலில் இருக்கும் காற்று. அந்தப் பெட்டிக்குள் எந்தப் பல்லியும் குடியிருப்பதில்லை. அதே நேரத்தில் பக்கத்து வேலிக் கம்பத்தின் உச்சி ஒரு சூடு, அடிமண் ஒரு சூடு, ஓரடி ஆழ வளை இன்னொரு சூடு. பழைய தாள் ஒரு எண்ணைக் கொடுத்தது. இவர்கள் வருஷத்துக்கு 8,760 எண்களைக் கொடுக்கிறார்கள். இரண்டிலும் ஒரு கணத்தில் பிராணிக்குக் கிடைப்பது ஒரே ஒரு தெரிவு.

தாள் பக்கத்து நியாயம் ஒன்று உண்டு, அதை ஒதுக்க மாட்டேன். புதிதாக வாங்குபவரிடம் கதிர்வீச்சு, நீராவி அழுத்தம் என்று ஆரம்பித்தால் ஓடிவிடுவார். ஏதோ ஒரு எண் இருந்தால் வெறும் பல்பு மாட்டுவதைவிட மேல். உண்மை. நான் கேட்பது எண்ணை எடுக்கச் சொல்லி இல்லை, எண்ணுக்குப் பக்கத்தில் நாலு வார்த்தை சேர்க்கச் சொல்லி. 'கல்லின் மேல்பரப்பு 40, பகலில் மட்டும். அதே கல்லின் மேல், முதுகு உயரத்தில் யூவி குறியீடு 3 போல. எதிர் ஓரத்தில் நிழலில் காற்று 25, யூவி பூஜ்யம். ஈரமான ஒளிவிடம் ஒன்று.' தாளின் நீளம் இரண்டு வரி கூடும். வளர்ப்பாளர்கள் இன்னொன்று சொல்வார்கள்: ஒரே சூட்டில் அலமாரி டப்பாக்களில் வைத்த பாம்புகள் சாப்பிடுகின்றன, முட்டை போடுகின்றன, பிறகென்ன? முட்டை போடுவதை நலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொண்டால் கூண்டுக்கோழிப் பண்ணைக்குத்தான் முதல் பரிசு.

கடைசியாக, இந்தத் தாள்கள் எந்த வீட்டை மனதில் வைத்து எழுதப்பட்டவை என்பது. பெரும்பாலும் குளிர்நாட்டு வீடு. வெளியே 0 டிகிரியில் 80 சதவீத ஈரத்தோடு இருக்கும் காற்றை வீட்டுக்குள் 21 டிகிரிக்குச் சூடாக்கினால் அது சுமார் 20 சதவீதம்தான். அதனால் அவர்கள் கவலையெல்லாம் சூடு போதவில்லை, காய்ந்துவிட்டது என்பதிலேயே இருக்கிறது. அதே தாளைச் சென்னையில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டால் கணக்கு கவிழ்கிறது. (நட்சத்திர ஆமை மாதிரி நம் நாட்டு இனங்களை வீட்டில் வைப்பதே சட்டப்படி குற்றம். நான் பேசுவது முறையாகப் பெற்ற வெளிநாட்டு இனங்களைப் பற்றி.) தெர்மோஸ்டாட்டால் சூட்டைக் கூட்ட முடியும், நிறுத்த முடியும், குறைக்க முடியாது. மே மாத அறை 34 டிகிரி என்றால் தொட்டிக்குள் 25 டிகிரி மூலை என்று ஒன்று உருவாகவே வாய்ப்பில்லை. மூடிய கண்ணாடித் தொட்டிக்குள் ஹாலஜனும் எரிந்தால் மூலைக்கு மூலை சூடு, ஒதுங்க இடமே இல்லை. எல்லா எண்ணும் மேல்பக்கம் நகர்ந்துவிடும்.

இங்கே செய்ய வேண்டியது வேறு. கண்ணாடிக்குப் பதில் பெரிய வலைக் கூண்டு. ஹாலஜனைக் காலையில் இரண்டு மூன்று மணி நேரம் மட்டும் போட்டுவிட்டு அணைப்பது. யூவி டியூப் பெரிதாகச் சூடு தராது, அதைத் தனியாக ஓடவிடலாம். காலை வெயிலில் வலைக் கூண்டைப் பால்கனியில் வைக்கலாம், பாதியை நிழலாக மறைத்து. கோடை நடுப்பகலில் சென்னையின் யூவி குறியீடு 10-ஐத் தாண்டும், அது எந்த ஃபெர்குசன் மண்டலத்தின் சராசரிக்கும் மேலே. கண்ணாடித் தொட்டியை மட்டும் ஐந்து நிமிஷம்கூட வெயிலில் வைக்கக் கூடாது. யூவிபி உள்ளே வராது, சூடு வெளியே போகாது. அறையில் ஏசி இல்லை, மே மாதம் இரவிலும் 30-க்குக் கீழே இறங்காது என்றால், எந்தப் பல்பு வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால் எந்த இனத்தை வாங்குவது, வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வி வருகிறது. நான் பார்த்த எந்த கேர் ஷீட்டிலும் 'உங்கள் அறையின் அதிகபட்ச வெப்பநிலை என்ன?' என்று ஒரு வரி இல்லை.